சுக்குவின் நகமும் மருதாம்பாளின் சால்வையும்

1

இந்தக் கதையை நான் ஒரு பஸ்ஸில் திருடினேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண், மடியில் மூடி போட்ட கூடை, காதில் போன். எதிர்முனையில் இருப்பவரிடம் அவர் கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “நகத்த எடுத்துத்தான் ஆகோணும்னா, என்ற விரலயும் சேத்து எடுக்கச் சொல்லுங்க.” கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை அதை வழிமொழிந்தது. அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. அவர் எங்கே இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் அவருக்கு ராஜப்ரியா என்று பெயர் வைத்து, பொருத்தமான கணவனையும் மாமியாரையும் தேட ஆரம்பித்திருந்தேன்.

ஆக, அந்த ஒரு வாக்கியம் நிஜம். மற்றதெல்லாம் என் கைவேலை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“பனி விலகிய தேயிலைச் சரிவில், ராஜப்ரியாவின் விழிகளைப் போலவே அந்தப் பூனையின் விழிகளும்—”

(வேண்டாம். குடும்பக் கதைகள் எழுதிப் பழகிய கைக்குப் பனியும் விழியும் கூப்பிடாமலே வந்துவிடுகின்றன.)

இரண்டாவது:

“மருதாம்பாளுக்கு மருமகளையும் பிடிக்காது, மருமகள் சீரோடு கொண்டுவந்த பூனையையும் பிடிக்காது.”

(இது ஓடும். பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் எழுதி முடித்ததும் மருதாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் எப்பச் சொன்னேன் அப்பிடி?” என்று கேட்பது போல இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவது நின்றது. அது இதுதான்:

கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் ஃபேக்டரி ஆபீசில் தரணிதரன் கிளார்க். குவார்ட்டர்ஸில் அவனும் அம்மா மருதாம்பாளும் இருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து ராஜப்ரியா கல்யாணமாகி வந்தாள். கூடவே சுக்கு வந்தது. காய்ந்த இஞ்சியின் நிறம், அதே முரட்டுத் தோற்றம், ஆனால் மடியைக் கண்டால் ஏறிவிடும் சுபாவம்.

மருதாம்பாளுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை போட வேண்டும். நாமெல்லாம் காய்கறி நறுக்கும்போது கத்தி பட்டால் விரலை வாயில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வோம். அவருக்கு அப்படி இல்லை. ஒரு சின்னக் கீறல்கூட நிற்காமல் கசியும். “காயம் மட்டும் படாமப் பாத்துக்குங்க” என்பதுதான் ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்லும் கடைசி வார்த்தை.

சுக்கு அவரைக் கீறியது. முதல் முறை மருதாம்பாள் மருமகளிடம் சொல்லாமல் முந்தானையால் அழுத்திக்கொண்டார். அடுத்த முறை அப்படி மறைக்க முடியவில்லை. ஒரு துண்டு முழுக்கச் சிவந்து, எஸ்டேட் ஜீப்பில் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஜீப்பில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே, தரணிதரன் ஒரு வாக்குக் கொடுத்தான்: “அதோட நகத்த வேரோட எடுத்தர்லாம்மா. வெளிநாட்டுல எல்லாம் பண்றாங்க. ஒரு சின்ன ஆபரேசன்.”

3

இந்த இடத்தில் தரணிதரனை எனக்குப் பிடிக்கவில்லை. என் கதாநாயகர்கள் இப்படி அவசரப்பட மாட்டார்கள். ஜன்னலோரம் நின்று, புருவத்தைச் சுருக்கி, சரியான முடிவை எடுப்பார்கள். இவன் ஜீப்பில் வாக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவியிடம் சொல்கிறான்.

“ஏனுங்க, நகத்த எடுக்கறதுன்னா வெட்டி வுடறதுங்களா?” என்று ராஜப்ரியா கேட்டாள்.

“இல்ல ராஜி. மறுக்கா வளராத மாதிரி.”

“யாருகிட்டக் கேட்டீங்க?”

“அம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

“சொன்னது செரி. கேட்டது யாருகிட்டன்னு கேக்கறேன்.”

மறுநாள் அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு குன்னூர் போனாள், கால்நடை டாக்டர் தேவநேசனிடம்.

தேவநேசன் சுக்குவின் முன்னங்காலைப் பிடித்து, விரலை லேசாக அழுத்தி, நகம் வெளியே வருவதைக் காட்டினார். “இது எலும்போட கெட்டியா ஒட்டியிருக்குங்க. நகம் திரும்ப வராம இருக்கணும்னா, அந்த விரல் எலும்பையே கடைசிக் கணுவோட நறுக்கணும்.* நான் செய்ய மாட்டேன். உங்க மாமியாருக்காகவே செய்ய மாட்டேன்.”

“அவங்களுக்காகவா?”

“நகமில்லாத பூனை பயந்தா என்ன பண்ணும்? கடிக்கும். பூனைக்கடி ஊசி மாதிரி ஆழமாப் போகும், சீழ் வைக்கும். ரத்தம் நிக்காத உடம்புக்கு அது இன்னும் மோசம்.”

பிறகு செய்யக்கூடியவற்றைச் சொல்லி அனுப்பினார். வாராவாரம் நக நுனியை வெட்டுவது. பிறாண்ட ஒரு கட்டை வைப்பது. நகத்தின் மேல் ஒட்டும் ரப்பர் உறை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நேரத்தில் கீறுகிறது என்று பார்ப்பது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தரணிதரனோடு அந்தப் போன் பேச்சு.

* (இதைத் தெரிந்துகொண்ட அன்று என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் கணு. பத்து விரலிலும் அது இல்லாமல் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பூனை விரல் நுனியில்தான் நடக்கிறது.)

4

இப்போது ஒரு சண்டை எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

“‘உங்களுக்கு உங்க அம்மா முக்கியம்னா எனக்கு—’ என்று ராஜப்ரியா வெடித்தபோது—”

(அவள் வெடிக்கவில்லை. பஸ்ஸில் கேட்ட குரல் வெடிக்கிற குரல் இல்லை. மேலும், அந்தச் சிவந்த துண்டைத் துவைத்தது அவள்தான்.)

ரப்பர் உறைகளை அவளே வரவழைத்து ஒட்டினாள். சுக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்துக் கழற்றியது. ஒன்று மருதாம்பாள் களைந்துகொண்டிருந்த அரிசியில் மிதந்தது. “நல்லவேளை, ஒல கொதிக்கறதுக்குள்ள பாத்தேன்” என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், “அம்முணி, உன்ற பூனை மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அது கிட்ட வந்தாவே எனக்கு நெஞ்சு திக்குங்குது. பொய் சொல்லக் கூடாதில்ல” என்றார்.

இதைத்தான் என் இரண்டாவது தொடக்கம் கெடுத்திருக்கும். கெட்ட மாமியாருக்குப் பதில் சொல்வது சுலபம். இப்படி உண்மையைச் சொல்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

ராஜப்ரியா அன்று தன் அப்பாவுக்குப் போன் செய்து, சுக்குவை வந்து அழைத்துப் போக முடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, போனை வைத்த இடத்திலேயே நின்றாள். தரணிதரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

5

மறுநாள் அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். இங்கிருந்து அவனை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

“அம்மா, அன்னிக்கு எப்பிடி உக்காந்திருந்தீங்களோ, அதே மாதிரி சொல்லுங்க.”

“டிவி பாத்துட்டு இருந்தேன்.”

“டிவியப் போடுங்க. மேல என்ன போட்டிருந்தீங்க?”

“என்ற சால்வை. குளுருக்கு வேறென்னத்தப் போடுவாங்க?”

அது ஊதா நிறம். ஆபரேசனுக்குப் பிறகு வெயிலில் உட்கார்ந்து குரோஷா ஊசியில் அவரே பின்னியது. பெரிய பெரிய கண்ணிகள். தரணிதரன் அதை எடுத்துத் தோளில் போட்டு, மடியில் விரித்து, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபேக்டரியில் பெரிய மீசைக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

மருதாம்பாள் எட்ட இருந்த கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். “உனக்கு அது சேரவே இல்லடா. முட்டாய் சுத்துன காயிதமாட்ட இருக்கற.”

“பேசாதீங்கம்மா. பூனை வராது.”

“இந்தக் கோலத்தப் பாத்தா பூனை என்ன, காட்டெருமையே வராது.”

டீயோடு வந்த ராஜப்ரியா நிலைப்படியில் நின்றுவிட்டாள். (அவள் முகத்தை வர்ணிக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஒரே வரிதான்: டீ ஆறிப்போனது.)

சுக்கு வந்தது. மடியில் ஏறியது. சூடு கண்டதும் கண்ணை மூடி, முன்னங்கால்களால் மாவு பிசைவது போல அமுக்க ஆரம்பித்தது. தரணிதரன் அதன் கால்களையே பார்த்தான். அமுக்கும்போது நகம் வெளியே வந்தது. வளைந்த நுனி கம்பளிக் கண்ணிக்குள் போனது.

“இப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?”

“குத்துதுன்னு தூக்கி அக்கட்டால வுட்டேன்.”

அவனும் அதன் இடுப்பைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினான். பூனையோடு சால்வையும் வந்தது. மாட்டிய காலை உருவ முடியாமல் சுக்கு மிரண்டு, மற்ற மூன்று காலாலும் கிடைத்ததை உதைத்தது. கிடைத்தது அவன் முன்கை. நீளமாக மூன்று கோடுகள்.

“அய்யோ, கையக் காட்டுங்க” என்று ராஜப்ரியா ஓடி வந்தாள்.

அவன் ரத்தத்தைப் பார்க்கவில்லை. சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அது புடிச்சுக்கலம்மா. மாட்டிட்டுது. கோயமுத்தூர்ப் பூனை. அங்க யாரு கம்பளி போட்டு மடியில வெச்சாங்க? அதுக்கும் தெரியல, நமக்கும் தெரியல.”

மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை நகம் மாட்டியதும் பூனையை இழுக்காமல், பாதத்தை முன்பக்கமாக லேசாகத் தள்ளினான். கொக்கி கழல்வது போல நகம் தானாக வெளியே வந்தது. சுக்கு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஒரு மனிதன் தான் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது. அவன் மனைவியிடமும் வாதாடவில்லை, அம்மாவிடமும் வாதாடவில்லை. அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பட்டதைத் தானும் பட்டுப் பார்த்தான். ராஜப்ரியா டெட்டால் வைக்கும்போது, “வலிக்குதுங்களா?” என்று கேட்டாள். “எரியுது” என்றான். “எரியட்டும்” என்றாள், பஞ்சை இன்னும் மெதுவாக ஒற்றியபடி.

(இதைவிட நல்ல காதல் வசனம் நான் எழுதியதில்லை. அது அவளாகச் சொன்னது.)

6

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டேட்டில் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிய இடத்திலிருந்து ஒரு தேயிலைக் கட்டையைத் தரணிதரன் தூக்கி வந்தான். முறுக்கேறிய, கனத்த கட்டை. அதில் கொழுந்துச் சாக்கைச் சுற்றிக் கட்டினான். சுக்கு முதலில் அதன்மேல் தூங்கியது, பிறகு பிறாண்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் பூனையைத் துண்டில் சுருட்டி நக நுனியை வெட்டினார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட, இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்ல. மருதாம்பாளுக்கு வழுவழுப்பான கெட்டிப் போர்வை வந்தது. பூனை வீட்டுக்குள் இருக்கும் நேரம் ஊதாச் சால்வை பீரோவுக்குள் இருந்தது.

இங்கே முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மருதாம்பாள் விடவில்லை.

“எல்லாஞ் செரிதான் சாமி. வெட்டுன நகமும் ஒரு நாளைக்கு ஆழமாக் கீறாதுன்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா?”

யாரும் எழுதித் தர முடியாது. நானும்தான்.

“மாட்டாங்க அத்தை” என்றாள் ராஜப்ரியா. “அதனால நீங்க சொல்றதுதான். வேண்டாம்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன். அழுவேன். ஆனா மூஞ்சியத் தூக்க மாட்டேன்.”

7

முடிவுகள்.

ஒன்று: சுக்கு கோயமுத்தூர் போகிறது. ராஜப்ரியா சொன்னபடி அழுகிறாள். சொன்னபடி முகத்தைத் தூக்கவில்லை. (இது நேர்மையான முடிவு. இதை மட்டமாக நினைக்காதீர்கள்.)

இரண்டு: சுக்கு இருக்கிறது, மருதாம்பாளின் அறைக் கதவு மட்டும் அதற்கு மூடியிருக்கிறது. (பல வீடுகளில் இப்படித்தான் வாழ்கிறார்கள். நன்றாகவே வாழ்கிறார்கள்.)

மூன்று: ஆபரேசன். (எழுத உட்கார்ந்தேன். “கூடையைத் திறந்தபோது சுக்கு நிற்க—” அதற்கு மேல் எழுத மாட்டேன். இது ஒன்றை மட்டும் உங்களுக்கும் தர மாட்டேன்.)

நான்கு: நான் முடிக்காதது.

மழை நின்ற ஒரு சாயங்காலம். தரணிதரன் ஃபேக்டரியில், ராஜப்ரியா வீட்டுக்குப் பின்னால் கொடியிலிருந்து துணி எடுக்கிறாள். மருதாம்பாள் கட்டிலில் கெட்டிப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறை வாசலில் சுக்கு. உள்ளே வரவில்லை. பார்க்கிறது.

“என்ன?” என்கிறார் மருதாம்பாள்.

சுக்கு ஒரு முன்னங்காலைத் தூக்கி, வைக்காமல் நிற்கிறது. மருதாம்பாளின் நெஞ்சு திக்கென்கிறது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் பொய் சொல்லமாட்டார். அவர் கை போர்வைக்கு வெளியே வருகிறது. கதவைச் சாத்தச் சொல்லி மருமகளைக் கூப்பிட எழுகிற கையாகவும் இருக்கலாம். மடியைத் தட்டப் போகிற கையாகவும் இருக்கலாம்.

எனக்கு எது வேண்டும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் கசியப் போவது என் ரத்தம் இல்லை. எனவே அந்தக் கட்டிலில் உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். வாசலில் உங்களுக்குப் பிரியமான பூனையை நிறுத்துங்கள். கையை அவரே அசைக்கட்டும்.