கப்பலை விட்டு ஓடிவந்த யோரிஸ்

மோக்கா துறைமுகத்தில் பரங்கிகளின் பேச்சை அரபியில் மாற்றிச் சொல்வதுதான் ஹுமைதுக்குப் பதினெட்டு வருடப் பிழைப்பு. காப்பி ஏற்ற வரும் கம்பெனிக் கப்பல்காரர்கள் யாராக இருந்தாலும் ஆளுநரிடம் பேச அவனைத்தான் தேடுவார்கள்.

அந்த வருடம் வந்த கப்பலில் பாய் தைக்கும் யோரிஸ் என்பவன், ஒரு விடியற்காலையில் நீந்திக் கரையேறி, நேரே பள்ளிவாசலுக்குப் போய்க் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டான். அவனைத் தங்கவைக்கும் பொறுப்பு ஹுமைதின் தலையில் விழுந்தது. யோரிஸின் சட்டை ரத்தம் உறைந்து முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மனைவி தகியா சுடவைத்துக் கொடுத்த தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் அதைப் பிரிக்க முடிந்தது. புயலில் பாய் கிழிந்ததற்கு இவனைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்திருந்தார்கள்.

கப்பல் தலைவரான கப்பித்தான் விடவில்லை. மூன்று நாளில் ஆள் வராவிட்டால் ஊரைப் பீரங்கியால் தரைமட்டமாக்குவேன் என்று சொல்லியனுப்பினார். மார்க்கத்துக்கு வந்தவனைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை என்றார் ஆளுநர். இரண்டு பேரும் சொன்ன வசவுகளைப் பாதி வழியிலேயே கடலில் கொட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தான் ஹுமைது. அப்படியும் காரியம் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மாலைக்குள் பாதி ஊர் கழுதைகளில் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை யோரிஸ் வாசலில் வந்து நின்றான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் அரபியில் சொன்னான்:

"நான் போயிடறேன், அண்ணே. என் ஒருத்தனுக்காக ஊரு அழிய வேணாம்."

உள்ளிருந்து தகியாவின் குரல் வந்தது. "அவன அனுப்பினா அடிச்சே கொன்னுடுவாங்க. வாய வெச்சுத்தானே இத்தன வருஷம் சோறு தின்னீங்க? இன்னிக்கு அது என்ன ஊமையாயிடுச்சா?"

ஹுமைது படகெடுத்துப் போனான். கப்பலருகே போய், மேலே ஏறாமல் படகிலேயே நின்றுகொண்டான்.

"ஆளைக் குடுக்க ஆளுநர் சம்மதிச்சுட்டாருங்க. ஆனா அவன் அக்குள்ல கட்டி வந்திருக்கு, காய்ச்சல் அனலாக் கொதிக்குது. இப்பவே கூட்டிட்டு வரவா?"

கப்பித்தான் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் நம்பவில்லை. பார்த்து வரச்சொல்லிக் கப்பல் வைத்தியர் லம்பர்ட்டைப் படகில் இறக்கிவிட்டார். ஹுமைது அவரை ஏற்றிக்கொண்டு கரைக்குத் துடுப்புப் போட்டான்.

வீட்டில் யோரிஸ் சம்மணம் போட்டு, கிழிந்த பந்தல் துணியைத் தைத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ரொட்டியை அதக்கியிருந்தான். வைத்தியரைக் கண்டதும் ஊசி அப்படியே நின்றது. அவர் அவனைத் திருப்பி உட்காரவைத்து, முதுகில் களிம்பு தடவினார். தகியா கொடுத்தனுப்பிய காப்பித்தோலும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய கிஷ்ரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எழுந்தார்.

கப்பலருகே திரும்பியதும், படகிலிருந்தபடியே மேலே பார்த்துச் சொன்னார்: "கொள்ளை நோய்தான். நாளைவரை தாங்கமாட்டான்."

"அவனைத் தொட்டீரா?" என்று கேட்டார் கப்பித்தான்.

"தொட்டேன்."

அந்தப் பதிலுக்கு என்ன நடக்கும் என்று வைத்தியருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. ஒரு சிறு படகில் இறக்கி, தண்ணீரும் ரொட்டியும் கயிற்றில் விட்டு, படகைக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அன்றே நங்கூரம் தூக்கினார்கள். கொளுத்தும் வெயிலில் தலைக்கு மேல் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, கண்ணுக்கு மறையும்வரை ஹுமைது பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் பிழைத்தது. ஆனால் பாதிக் காப்பி ஏறாமலே கப்பல் போய்விட்டதென்று வியாபாரிகள் ஹுமைதைத் திட்டித் தீர்த்தார்கள். ஆளுநர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அந்த வருடம் முழுக்க, மீன்பிடிப் படகுகளுக்குப் பாய் தைத்து யோரிஸ் கொண்டுவந்ததில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

மறு வருடம் அதே கம்பெனியின் வேறொரு கப்பல் வந்தது. கரையிறங்கிய ஒவ்வொருவரிடமும் ஹுமைது விசாரித்தான். இங்கிருந்து கிளம்பிய பதினோராம் நாள் வைத்தியரை மேலே ஏற்றிக்கொண்டார்களாம். தோலெல்லாம் உரிந்திருந்ததாம், இப்போது தன் ஊரில் நலமாக இருக்கிறாராம்.

ஹுமைது ஓட்டமும் நடையுமாக வந்து இதைச் சொன்னபோது, யோரிஸ் முகத்தைப் பாய்த்துணியில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.