பம்பு கேட்டுப் போன பாய்

கரையான்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹாஜா மொய்தீனுக்குத் தொண்ணூறாம் வருடம் முதல் குழந்தை பிறந்தது. மனைவி ஜஹானாராவையும் பெண் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாளே அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இறுகிப்போயிற்று. குழந்தை வாயை வைக்கும், பிடி கிடைக்காமல் வழுக்கும், உடனே வீடு அதிர அழும்.

பக்கத்து வீட்டில் பால் பவுடர் டப்பா வாங்கச் சொன்னார்கள். ஜஹானாரா ஒப்பவில்லை.

"பால் இல்லாதவளுக்குத்தான் டப்பா. எனக்கு இருக்கிறது வெளிய வரமாட்டேங்குது. பிரசவ வார்டுல இருந்த சிஸ்டரக் கூட்டிட்டு வாங்க."

ஹாஜா ஓடினான். நர்ஸ் சகாயமேரி இரவு டூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"குளிச்சிட்டு வந்துடறேன் பாய். அதுக்குள்ள மெடிக்கல் ஷாப்புல ஒரு பம்பு வாங்கி வை. தேவைப்பட்டாலும் படும்."

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம். ஹாஜா முதலில் இருமல் மிட்டாய் வாங்கினான். பிறகு ஒரு சோப்பு. கடைசியில் கல்லாவின் மேல் குனிந்து, "பம்பு ஒண்ணு" என்றான்.

கடைக்கார உத்தமன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா பாய், சைக்கிள் கடைய வச்சிகினு என்னாண்ட வந்து பம்பு கேக்கற?"

"அந்தப் பம்பு இல்ல."

"பின்ன, ஸ்டவ் பம்பா?"

"ஊட்ல... கொழந்தைக்கு..."

"கொழந்தைக்குக் காத்தடிக்கணுமா?"

மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு கிழவிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "தாய்ப்பால் எடுக்கற பம்பு கேக்கறான்யா, எடுத்துக் குடேன்!"

சாலையில் போன ஒரு ஆட்டோக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

காதெல்லாம் சிவக்க, சிவப்பு ரப்பர் குமிழ் வைத்த அந்தக் கண்ணாடிப் பம்பை ஹாஜா வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, சகாயமேரி உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள். அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"அலமாரில வை. முதல்ல வெந்நீரும் நல்ல துணியும் கொண்டா."

"அப்ப இது வேணாமா?"

"பாலு கையால அழுத்தினாலே வந்துடும் போல இருக்கு."

"இத வாங்கறதுக்குத் தெருவுல மானத்த உட்டுட்டு வந்திருக்கேன் சிஸ்டர்!"

"அது உன் மானம் பாய். இது அவ பாலு. வெந்நீர் எங்க?"

உள்ளே ஜஹானாராவுக்கு வலியோடு சிரிப்பும் வந்தது. கடையில் நடந்ததைத் திரைக்கு வெளியே நின்றபடி ஹாஜா சொல்லச் சொல்ல, சிரிப்பில் அவள் தோள் தளர்ந்தது.

"நல்லா சிரி, உடம்ப விறைச்சிக்காத" என்றாள் சகாயமேரி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் விரல் வைத்து மெல்ல அழுத்தக் கற்றுக்கொடுத்தாள். முதலில் ஒரு சொட்டு. பிறகு நூலாகக் கிண்ணத்தில் விழுந்தது. இறுக்கம் கொஞ்சம் விட்டது.

"இப்ப புள்ளையத் தூக்கு. நீ குனியாத, அத ஒங்கிட்ட கொண்டா. வயிறோட வயிறு ஒட்டணும். வாய நல்லாத் தொறக்கட்டும். காம்ப மட்டும் குடுக்காத, கருவட்டமும் உள்ள போகணும். தாடை மாருல பதியுதா?"

"பதியுது."

குழந்தை ஒருமுறை நழுவி அழுதது. மறுபடி வைத்தார்கள். அழுகை சட்டென்று நின்றது.

வெளியே ஹாஜா பயந்துபோனான். "இன்னா ஆச்சு? ஏன் சத்தமே இல்ல?"

"வாய்ல சோறு வச்சிகினு யாராவது பேசுவாங்களா பாய்?"

அவன் மூச்சை அடக்கிக் காது கொடுத்தான். 'களுக், களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சகாயமேரி அடுத்த இரண்டு நாளும் வந்து பார்த்தாள். கட்டு கரைந்தது. ஜஹானாரா படுத்தபடியே பால் கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். கடைசி நாளன்று பால் குடித்து முடித்த குழந்தையை நர்ஸ் ஹாஜாவின் தோளில் சாய்த்தாள். "முதுகத் தட்டு. ஏப்பம் வரட்டும்."

பஞ்சைத் தொடுவதுபோல் தொட்டான் அவன்.

"இன்னும் கொஞ்சம் தட்டுங்க, ஒடஞ்சிட மாட்டா" என்றாள் ஜஹானாரா.

தட்டினான். ஏப்பத்தோடு கொஞ்சம் பாலும் சட்டையில் வழிந்தது. சட்டையை மாற்றாமலேயே கடை திறக்கப் போனான் ஹாஜா.