ஈயத்தின் நான்காம் நிலை

ஹட்டனில் ஒரு பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளர் வேலாயி. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவள். 1961 மார்ச்சில் ஒருநாள், இரசாயனப் புத்தகத்தில் ஒரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. காபன், சிலிக்கன், ஜேர்மானியம், வெள்ளீயம், ஈயம் ஆகியவை ஒரே குடும்பம். மேலே உள்ளவற்றுக்கு நான்கு இலத்திரன்களை இழந்த நிலை உறுதி. கீழே போகப் போக இரண்டை மட்டும் இழந்த நிலை உறுதியாகிறது. நான்கில் இருக்கும் ஈயம் பிறரிடம் இலத்திரனைப் பறித்தாவது இரண்டுக்கு இறங்கிவிடுமாம்.

அதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டாள். பேட்டரிக் கடை நூர்தீனிடம் ஒரு செத்த பேட்டரியை வாங்கி, வெளுத்துப்போயிருந்த தட்டைச் சுரண்டி, நைத்திரிக் அமிலத்தோடும் மங்கனீசு உப்போடும் சூடாக்கினாள். ஈயம் மங்கனீசின் இலத்திரன்களைப் பறித்தால் ஊதா நிறம் வரவேண்டும். வரவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி கடைக்குப் போனாள்.

"நானா, சார்ஜ் ஏத்தின தட்டு வேணுங்க."

"நல்ல பேட்டரிய ஒடைக்கச் சொல்றியா புள்ள?"

"செத்ததுல ஈயம் ஏற்கெனவே ரெண்டுக்கு எறங்கிருச்சுங்க. நீங்க கரண்டு குடுக்கிறப்பத்தான் அது நாலுக்கு ஏறுது."

நூர்தீன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். இருபது வருடமாக பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுபவர்.

"அப்ப இவ்வளவு நாளா, இருக்கப் புடிக்காத எடத்துக்கு நான்தான் அத தள்ளிக்கிட்டு இருந்தேனா?"

முந்தின நாள் சார்ஜ் ஏற்றும்போது ஓடு வெடித்த பேட்டரி ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, கறுத்த பழுப்புத் தட்டை எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு அவரும் கூடவே ஆய்வுகூடத்துக்கு வந்தார்.

தட்டைச் சுரண்டி, குழாயில் ஒரு சிட்டிகைத் தூளை முன்போலவே அமிலத்தோடும் உப்போடும் போட்டுச் சூடாக்கினாள். தூள் அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீர் நாவற்பழச் சாறுபோல ஊதாவாக நின்றது.

ஊதா நீரை மட்டும் வேறு குழாயில் வடித்து, இன்னொரு போத்தலிலிருந்து சில சொட்டு விட்டாள். நிறம் மறைந்து வெறும் தண்ணீரானது.

"என்னத்த ஊத்துன?"

"வெள்ளீயம்ங்க. ஈயத்துக்கு நேர் மேல இருக்கிறது. இதுக்கு ரெண்டுல இருக்கப் புடிக்காது, நாலுக்குப் போகணும். அதான் தன்னோட இலத்திரன மங்கனீசுக்குக் குடுத்துருச்சு."

நூர்தீன் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரே குடும்பத்துல ஒண்ணு பறிக்குது, ஒண்ணு குடுக்குது," என்றார் மெதுவாக. பிறகு, "இன்னொரு தரம் செய் புள்ள."

செய்தாள். தட்டில் சுரண்ட ஏதும் மிஞ்சாத வரைக்கும் செய்தார்கள். அன்று நூர்தீன் மறுபடி கடை திறக்கவேயில்லை.