ஒன்பதாவது விதி

எங்கள் பள்ளிச் சாரணியர் முகாமுக்குப் பதினான்கு விதிகள். எழுதியவள் நான்தான், லோகேஸ்வரி டீச்சர். பிளாஸ்டிக் உறை போட்டு மரத்தில் கட்டி, காலையிலும் மாலையிலும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஒப்பிக்க வைப்பேன். என்னோடு துணைக்கு வந்த மோகனராஜ் சார்கூட முதல் நாளே அலுத்துப்போனார். "நான் பெயில் ஆயிருவேன் போல டீச்சர்" என்றார். சிரிக்கட்டும், எனக்கென்ன.

மூன்றாவது விதி: விசில் எப்போதும் கழுத்தில் இருக்க வேண்டும். ஒன்பதாவது விதி: விசிலை விளையாட்டுக்கு ஊதக் கூடாது, மூன்று முறை ஊதினால் பறிமுதல். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான்தான் பெரிய விதிக்காரி ஆயிற்றே.

சனிக்கிழமை காலை துளசி மூன்றாவது முறையாகக் குரங்கைப் பார்த்து விசில் ஊதினாள். பதினொரு வயசு, வாயும் காலும் ஒரு இடத்தில் நிற்காது. விசிலைக் கழற்றி என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்.

எங்கள் முகாம் ஆயர் ஈத்தாம் ஊருக்கு மேலே மலைச்சரிவில், பழத்தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துளசியும் அவள் ஜோடி ஷஹீராவும் தட்டு கழுவக் குழாயடிக்குப் போனார்கள். சவர்க்காரத்தை மறந்துவிட்டோமென்று ஷஹீரா மட்டும் திரும்பி ஓடி வந்தாள். இரண்டு நிமிடம்தான். அவள் போய்ப் பார்த்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது, துளசியைக் காணோம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கால் மணி நேரம் கழிந்தும் அவள் வரவில்லை. பிள்ளைகளை ஒரே கூடாரத்தில் உட்கார வைத்து, மோகனராஜ் சாரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, தோட்டக்காரர் ஷேக் அலாவுதீன் அண்ணனோடு சரிவில் இறங்கினேன். "துளசி! துளசி!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். பதிலே இல்லை. கீழே ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று எட்டிப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவள் அம்மா குணவதிக்குப் போன் போட்டேன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் பெக்டரி வேலை, ஓவர்டைமில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

"டீச்சர், பேரச் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"பின்னே எப்படிக் கூப்பிடறது?"

"ஐயோ, அப்படின்னா பக்கத்துல இருந்தாலும் பேச மாட்டா. காட்டுல யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்காதே, அது மனுசங்க இல்லேன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு நம்பிக்கையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"நீங்க விசில் அடிங்க டீச்சர். அவகிட்டயும் விசில் இருக்குல்ல? திருப்பி அடிச்சிருவா. இந்தா, நான் காடிய ஓட்டிட்டு வந்துடறேன்."

அவள் விசில் என் பையில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என் ஜென்மத்தில் அவ்வளவு கேவலமான "சரி" ஒன்று நான் சொன்னதில்லை.

அவள் விசிலையே எடுத்து ஊதினேன். மூன்று முறை. நின்று கேட்டோம். ஒன்றுமில்லை. இன்னும் கீழே இறங்கி மறுபடி மூன்று. அப்போது இடது பக்கம், எங்கள் கால்மாட்டில் என்பதுபோல அவ்வளவு அருகில், தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. ஷேக் அண்ணன் "அல்ஹம்துலில்லா" என்றார். நான் புதரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஓடினேன்.

ஒரு பெரிய மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடி சரிவில் உருண்டதாம், பிடிக்கப் போனாளாம், ஏறி வர வழி தெரியவில்லையாம். "தொலைஞ்சா அசையக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே டீச்சர். நான் அசையவே இல்ல" என்றாள். அவளை இறுக்கிப் பிடித்தபோதுதான் போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. முதல் விசிலுக்கே அந்தத் தகர மூடியைத் தட்டினாளாம், எங்களுக்குத்தான் எட்டவில்லை. நாங்கள் கத்திய ஒவ்வொரு முறையும் கேட்டதாம். ஒவ்வொரு முறையும் வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

உடனே தீயணைப்பு நிலையத்துக்கும் குணவதிக்கும் சொன்னேன். பாலத்தில் வந்துகொண்டிருந்தவள், அரை மணி நேரத்தில் பெக்டரி உடுப்போடு வந்து இறங்கினாள். மகளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு முதுகில் ஒன்று போட்டாள்.

"ஏன்டி, கழுத்துல இருந்த விசில ஊதுறதுக்கு என்ன?"

துளசி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தொலைச்சிட்டேன்மா."

பொய் சொல்லக் கூடாது என்பது என் முதல் விதி. காலையில்தான் முகம் சுண்டிப்போகப் பறித்தேன், அந்தப் பிள்ளை எனக்காக அதை மீறுகிறது. நான் சும்மா இருந்தால் போதும். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடலாம். மோகனராஜ் சார்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல குணவதி, நான்தான் பறிச்சு வச்சிருந்தேன். காலையிலேயே. போன்ல சொல்லத் தைரியம் இல்ல" என்றேன்.

குணவதி என்னையே பார்த்தாள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க விசிலப் புடுங்கிட்டீங்க, நான் வாயக் கட்டிட்டேன்" என்றாள். "ரெண்டு பேரும் நல்லதுன்னுதான் செஞ்சோம். பாவம்லா இந்தப் புள்ள, எத வச்சுத்தான் கூப்பிடும்?"

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மற்ற இருபத்தொரு பிள்ளைகளும் கூடாரத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துளசி என் தோளைத் தட்டி, "டீச்சர், நான் நாளைக்கு முகாம் முடியறவரைக்கும் இருக்கலாமா?" என்று கேட்டாள்.

"உங்கம்மாவைக் கேள்" என்றேன்.

குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் டீச்சர். நானும் இருந்துக்கறேன்" என்றாள்.