பெட்டிக்குள் நில்லாத வளையம்

பொத்தென்று கதவில் ஏதோ மோதியது. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு வந்து திறந்தாள். ஏரிக்கரைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மிதவை வளையம், தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் சாய்ந்து நின்றது. அவள் கணவர் ஏரியில் மூழ்கிய மறுநாள் மதியம் அது. பின்னாலேயே ஏரிக் காவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவளுடைய சொந்த அண்ணன். போட்ட பூட்டு போட்டபடியே இருக்கிறது என்றார். அவள் உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

அந்தப் பூட்டு வந்த கதை ஊருக்கே தெரியும். கரையில் மாட்டிய வளையங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒன்று சைக்கிள் கடைக்காரர் வீட்டு நாய்க்கு மெத்தையாகியிருந்தது. மேலதிகாரி போட்ட சத்தத்தில் காவலர் ஒரு பெட்டி செய்யச் சொல்லி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெட்டியைச் செய்துகொடுத்தவர் தங்கை கணவர்தான். ரம்பத்துக்கு ஒரு சுண்டுவிரலைக் கொடுத்திருந்த தச்சர். "முங்குறவன் சாவி கேட்டு மனு போடணுமா மச்சான்?" என்று அப்போதே சிரித்தார்.

அந்தத் தச்சர் கரைப் பாசியில் வழுக்கி ஏரியில் விழுந்த நேரத்தில் காவலர் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்து கதவைத் தட்டியதும் கைகூடக் கழுவாமல் ஓடினார். எண்ணெய்க் கையில் சாவி வழுக்கி வழுக்கி மண்ணில் விழுந்தது. பெட்டி திறந்தபோது ஏரி அசையாமல் கிடந்தது. தேடியவர்களுக்கு ஒரு செருப்புதான் கிடைத்தது. அன்றோடு தங்கை அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வளையம் தினமும் மதியம் வந்தது. காவலர் பூட்டை மாற்றிப் பார்த்தார், சங்கிலி சுற்றிப் பார்த்தார், கடைசியில் பெட்டிக் கதவையே கழற்றி எறிந்தார். அப்போதும் வந்தது. தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது, பொத்தென்ற சத்தம் கேட்டதும் உலையை இறக்கினார்கள், தபால்காரர் அதைத் தாண்டிப் போய்க் கடிதம் கொடுத்தார். காவலருக்கு மட்டும் பழகவில்லை. வளையம் இங்கே இருக்கும் நேரத்தில் அங்கே எவராவது மூழ்கினால்? அதனால் தினமும் ஓடிவந்தார். "எடுத்துக்கிறேம்மா" என்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம் நின்றால் கரை காலியாக இருக்குமே என்று தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்படியே அவர் தலை நரைத்தது, அவள் கண்ணாடி போட்டுக்கொண்டாள். தண்ணீரில் விழுந்த சிலர் அந்த வளையத்தைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். ஏரி அதன்பின் யாரையும் எடுக்கவில்லை.

ஒரு நாள் மதியம் சத்தம் மெதுவாகக் கேட்டது, யாரோ தயங்கித் தட்டியதுபோல. அவள் திறந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். வளையத்தின் மேல் பக்கம் ஒரு கை இறுகப் பற்றியிருப்பதுபோல அமுங்கியிருந்தது. நாலே விரல்கள். சுண்டுவிரலுக்கான இடத்தில் ஒன்றுமில்லை.

காவலர் வழக்கம்போல ஓடிவந்து கை நீட்டினார்.

"மெல்லத் தூக்குண்ணா" என்றாள் தங்கை. "அவரு இப்பதான் பிடிச்சிருக்காரு."