சலாம் சொல்லாமல் உள்ளே வந்தவள்

என் எட்டு மாத உழைப்பை லம்ஜத் பேராசிரியர் இரண்டே வார்த்தையில் தூக்கிப் போட்டார்.

"ஆளு நடிக்கிறான்," என்றார். "நவ்ரஸ், ஒரே ஒரு ஆளை வச்சு ஆய்வு பண்ணாதன்னு அப்பவே சொன்னேன். வேற நூறு பேரைத் தேடு."

அந்த ஒரே ஆள், எங்கள் கடற்கரை ஊரான ஸ்ஃபாக்ஸின் மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் முன்ஜி. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து அவருக்கு முகம் அடையாளம் தெரிவதில்லை. மீனைப் பார்த்தால் எந்தக் கரையில் பிடித்தது என்பது வரை சொல்வார். மச்சானைப் பார்த்தால் யாரோ. ஒரு கல்யாணத்தில் அந்த மச்சானைப் பார்த்தும் பேசாமல் கடந்து போய்விட்டார். அன்றோடு மனைவி தலெந்தாவின் பிறந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. திமிர் என்றார்கள். தலெந்தாவுக்கே பாதி சந்தேகம். என் ஆய்வும் தோற்றால் நடிகன் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிடும்.

புகைப்படச் சோதனையில் அவர் ஒருவரைக்கூட அடையாளம் சொல்லவில்லை. ஆட்களை நேரில் அனுப்பியபோதோ பத்துக்குப் பத்து. ஐந்து சொந்தக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஐந்து அந்நியர்களைத் தெரியாது என்றார். பேராசிரியர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

நானும் லேசில் விடுகிறவள் இல்லை. அந்த வீடியோவை ஏழு முறை பார்த்தேன். ஏழாவது முறை தலையில் அடித்துக்கொண்டேன். பேசாமல் உள்ளே போங்கள் என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பத்துப் பேரும் வாசலிலேயே "அஸ்லாமா, லாபாஸ்?" என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் வாயை மூடியிருந்தார்கள். எங்கள் ஊரில் அது பேச்சில் சேர்த்தி இல்லை. எனக்கும் அது காதில் ஏறவே இல்லை.

முன்ஜியிடம் ஓடினேன்.

"குரலை வச்சுதான் சொன்னேன், மகளே. யாருன்னு கேட்ட, சொன்னேன். எப்படின்னு நீ கேக்கலையே!"

மறுநாளே மறுபடி நடத்தினேன். எல்லோருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, தலைக்கு ஒரே துணி. சொந்தக்காரர்களை ஊமையாக உள்ளே அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தலெந்தா வாசலிலேயே முரண்டு பிடித்தாள்.

"கட்டின புருஷன் உக்காந்திருக்கிற ரூமுக்குள்ள சலாம் சொல்லாம போறதா? நான் என்ன திருடியா?"

"சின்னம்மா, ஒரே நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க. அவருக்காகத்தான்."

போனாள். அவர் எதிரே போய் நின்றாள். முப்பத்தொரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். முன்ஜி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாக எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. டாக்டரம்மாவைப் பாக்க வந்தீங்களா? இப்ப வந்துருவாங்க."

தலெந்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நிமிடம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. நான் மணி அடித்ததும்தான், "லாபாஸ், முன்ஜி?" என்றாள்.

"அட, தலெந்தா! நீ எப்ப வந்த?"

கதவுக்குப் பின்னால் நின்று நான் அழுதுவிட்டேன். நூறு பேரைத் தேடிப் போயிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீடியோவைக் குடு. எங்கண்ணன் வீட்டுல போட்டுக் காட்டணும்."

"வெளிய குடுக்கக் கூடாது, சின்னம்மா. ஆய்வுல அவர் பேரைக்கூட மறைச்சுத்தான் எழுதுவோம்."

அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள்.

"இதை மடிச்சு வை. நாளைக்கு எங்கண்ணனையே இழுத்துட்டு வர்றேன். சலாம் சொல்லாம நின்னு பாக்கட்டும்."