யோனா பாட்டும் சுண்ணாம்புப் பள்ளமும்

அடைக்கலமேரிக்குத் தண்ணீர் என்றால் பயம். கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சின்ன வயதில் ஆற்றுக்குள் மணல் அள்ளிய குழி ஒன்றில் கால் இறங்கி, தண்ணீர் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. அவளுடைய அப்பா சூசை தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அதற்குப் பிறகு அவள் ஆற்றுப் பக்கம் போனதில்லை. பஸ் பாலத்தைக் கடக்கும்போதுகூட மடியில் இருக்கும் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. மற்ற நேரமெல்லாம் பாட்டு. சாமிப் பாட்டுத்தான், ஆனால் கோயிலில் பாடுகிற மாதிரி இருக்காது. ஊழி வெள்ளத்தில் மிதக்கும் பேழைக்குள் யானை லத்தியை யார் அள்ளுவது என்று நோவாவின் பெண்டாட்டி சண்டைக்கு நிற்கும் பாட்டு ஒன்று. பைபிளில் வாய் திறந்து பேசும் பிலேயாமின் கழுதை, திருமானூர்ப் பேச்சில் எசமானைத் திட்டும் பாட்டு ஒன்று. கோயில் பாடகர் குழுவை நடத்தும் மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா பூசையில பாடுனா சனங்க சிரிச்சிப்புடும்" என்று பக்குவமாக மறுத்துவிட்டார்.

சிரித்து ரசித்தவன் பூவரசன். ஜெயங்கொண்டத்துக்காரன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்ப்பவன். அவள் கொடுத்த போனைச் சரிபார்க்கும்போது அதிலிருந்த கழுதைப் பாட்டு தானாக ஓட, வேலையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டிருக்கிறான். பைபிளில் ஒரு வரிகூடப் படித்தவன் இல்லை. அவன் வீட்டில் குலதெய்வம் அய்யனார். ஆனால் அவனிடம் குட்டி கிட்டார் மாதிரி ஒரு யூகலேலே இருந்தது, பம்பை அடிக்கவும் தெரியும். "இந்தக் கழுதைக்குப் பம்பை போட்டா எப்புடி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டான். அப்படித் தொடங்கியதுதான் 'ஊசிக்காது ஒட்டகம்' என்கிற அவர்களுடைய யூடியூப் சேனல். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் விடாமல் பார்த்தார்கள்.

அடுத்த பாட்டு யோனாவைப் பற்றியது. நினிவே ஊருக்குப் போ என்று கடவுள் சொல்ல, எதிர்த்திசையில் ஓடி, பெரிய மீன் வயிற்றில் மாட்டிக்கொண்டவர். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்த ஊர் அல்லவா. தோண்டினால் கல்லாகிப்போன சிப்பிதானே வருகிறது. அதனால் அந்த மீன் யோனாவை இங்கேதான் கக்கியது என்று மேரி எழுதியிருந்தாள்.

*நினிவேக்குப் போன்னு சொன்னீங்க ஆண்டவரே
நான் விருத்தாசலம் பஸ்ஸுல ஏறிட்டேன்
மீனு வயித்துல கரண்டு இல்ல ஆண்டவரே
நான் வியர்வையில ஊறிட்டேன்*

"மீன் வயித்துக்குள்ள பாடுற மாதிரி எதிரொலி வேணும். கம்ப்யூட்டர்ல போட்டா டப்பாக்குள்ள கத்துற மாதிரிதான் கேக்கும். நெசமான எடம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்றான் பூவரசன்.

அந்த இடம் செந்துறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்து எப்போதோ கைவிட்ட சுரங்கப் பள்ளம். ராட்சதப் படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொண்டே இறங்கியிருந்தார்கள். ஒவ்வொரு படியும் ஆள் உயரத்தைவிட அதிகம். லாரி ஓடிய சாய்வுப் பாதை ஒன்று மட்டும் பக்கவாட்டில் அடிவரை போனது. அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

மேலே நின்று எட்டிப் பார்த்ததுமே மேரி பின்வாங்கினாள்.

"நான் வரல பூவு."

"தண்ணிக்கிட்ட போக வேணாம். கடேசிப் படியோட நின்னுக்குவோம். மூணு தடவ பாடிட்டு ஏறிடலாம்."

ஐப்பசி மாதம். ஞாயிற்றுக்கிழமை. வானம் வெளுத்துத்தான் இருந்தது. அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பாறைச் சுவரில் ஒரு கையை வைத்தபடியே இறங்கினாள்.

கடைசிப் படியில் நின்று அவள் முதல் வரியைப் பாடியதும் பள்ளம் முழுக்க அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஒரு குரல் போய் நாலு பக்கத்துச் சுவரிலிருந்தும் நாலு குரலாக வந்தது. பயத்தையும் மீறி அவளுக்கு உடம்பு புல்லரித்தது. பூவரசன் கண்ணை மூடிக்கொண்டு யூகலேலேயை மீட்டினான். பாட்டைப் பிடிக்கும் சின்ன ரெக்கார்டரை டிபன் பாக்ஸ் மீது நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது தடவை பாடி முடிக்கும்போது செந்துறைப் பக்கம் கறுத்து வந்துவிட்டது. ரெக்கார்டரை அவள் டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடுவதற்குள் மழை கொட்டியது. இருவரும் சாய்வுப் பாதைக்கு ஓடினார்கள். பூவரசன் முன்னால் போனான்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ கோணிச் சாக்கை இழுத்தது போலத்தான் இருந்தது. பாதையின் மேல்பாதி அப்படியே நழுவி, கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு வந்தது. பூவரசனும் அதோடு உருண்டு வந்தான். அவன் கையிலிருந்த போனும் தோளிலிருந்த யூகலேலேயும் பச்சைத் தண்ணீரில் விழுந்தன. அவன் படியின் விளிம்பில் தட்டிக் கிடந்தான். அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அது எலும்பு முறிவுதான் என்று அறிய அவளுக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

அவன் அலறிய அலறல் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது.

மேரி அவனை அக்குளில் கைகொடுத்துச் சுவரோரம் இழுத்து உட்கார வைத்தாள். துப்பட்டாவைக் கிழித்து, பக்கத்தில் கிடந்த கட்டையை வைத்துக் காலைக் கட்டினாள். கை தன்னால் வேலை செய்தது. கட்டி முடித்த பிறகுதான் தன் போனை எடுத்துப் பார்த்தாள். டவர் ஒரு கோடுகூட இல்லை.

"நீ ஏறிப் போ மேரி. போயி ஆளக் கூட்டிட்டு வா."

சரிந்து கிடந்த மண்மேட்டில் அவள் ஏறிப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் தொடைவரை சேறு உள்ளே இழுத்தது. மேலிருந்து இன்னும் மண் வழுக்கி வந்தது. ஆற்று மணல் குழியில் இறங்கிய அதே கால், அதே இழுப்பு. கத்தக்கூட முடியவில்லை அவளுக்கு. மல்லாந்து படுத்து, முழங்கையால் நகர்ந்து நகர்ந்து படிக்கே திரும்பி வந்தாள்.

சுற்றுப்பட்ட காட்டுத் தண்ணீரெல்லாம் பள்ளத்தைத் தேடி வந்தது. விளிம்பில் ஏழெட்டு இடத்தில் அருவி மாதிரி விழுந்தது. மழை விட்டும் அது நிற்கவில்லை. பச்சைத் தண்ணீர் செம்மண் நிறமாகி, மெல்ல மேலே வந்து, அவர்கள் இருந்த படியை நக்கியது. பிறகு பாதத்தை நனைத்தது.

"காப்பாத்துங்க! யாராச்சும் வாங்க!" என்று அவள் கத்தினாள். ஒரு வார்த்தை திரும்பி வருவதற்குள் அடுத்த வார்த்தை அதன் மேல் மோதியது. எல்லாம் சேர்ந்து நாய்க்கூட்டம் குரைப்பது போல ஒரு இரைச்சல் ஆனது. எந்த எதிரொலிக்காக வந்தார்களோ அதுவே அவள் வாயை அடைத்தது.

"கத்தாத," என்றான் பூவரசன். முகம் சாம்பல் பூத்திருந்தது. "பாடு. இழுத்துப் பாடுனா வார்த்த தெளிவா கேக்குது. மொதல்லயே கவனிச்சேன்."

"இப்ப எப்புடிப் பாடச் சொல்ற?"

"பாடு மேரி."

அவள் பாடினாள். குரல் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி வந்தது. நினிவேக்குப் போன்னு சொன்னீங்க ஆண்டவரே. சிரிப்புக்காக எழுதிய வரி. சாவை வைத்து விளையாடிவிட்டோமோ, அதற்குத்தான் இந்தக் கூலியோ என்று நினைத்தாள். ஆனாலும் திரும்பத் திரும்பப் பாடினாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மேலே விளிம்பில் ஒரு ஆட்டின் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் தலையில் சாக்கைக் கொங்காணி போட்ட ஒரு ஆள்.

"அண்ணே! இங்க! கீழ!" அவள் இரண்டு கையையும் வீசினாள்.

அந்த ஆள் ஒரு நொடி உறைந்து நின்றான். பிறகு கையிலிருந்த தொரட்டியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். ஆடுகளும் அவன் பின்னால் ஓடின.

அவளுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது பதற்றம். இது வேறு. பார்த்த ஒரே மனிதனும் ஓடிவிட்டான். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்த பூவரசனுக்கு அது மார்பளவு. அவனைத் தூக்கி நிறுத்தி, சுவரோடு சேர்த்துத் தன் தோளால் முட்டுக் கொடுத்தாள். அவன் உடம்பு வெடவெடத்தது.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். நாள் தவறாமல் சொல்லும் செபம். அடுத்த வரி வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கடைசியில், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கும்னு சொல்லு" என்றான் பூவரசன், கண்ணைத் திறக்காமல்.

"இவனுக்கும்" என்றாள் மேரி.

தண்ணீர் தொடையைத் தொட்டபோது மேலே டார்ச் வெளிச்சம் ஆடியது. ஒரு பெண்ணின் குரல் அதட்டியது.

"ஏ! யாரது கீழ? மனுசியா, பேயா? வாயத் தொறந்து சொல்லு!"

"மனுசிதான்க்கா! ஏலாக்குறிச்சி சூசை மவ! கால் ஒடஞ்சவரு ஒருத்தரு இருக்காரு!" ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து, ராகம் போட்டே சொன்னாள்.

"கேட்டியாய்யா? மனுசிதான்! ஓடு, டிராக்டர் கயிறு எடுத்துட்டு வா! ஏ தம்பி, நீ பயர் ஆபீசுக்குப் போனப் போடு!"

அந்தப் பெண் ஜெகதாம்பாள். ஓடியவன் அவள் புருசன் மாயவன். ஊர் ஆட்கள் மேல் படியிலிருந்து கயிறு இறக்கினார்கள். ஒருவர் இறங்கி வந்து பூவரசனைக் கட்டித் தூக்க உதவினார். மேரியை இழுத்தபோது தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது. மேலே வந்ததும் அவள் ஜெகதாம்பாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடச் சொல்லியும் விடவில்லை.

"இந்த மனுசன் வூட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு, பள்ளத்துல மோகினி பாடுதுங்குது," என்று ஜெகதாம்பாள் கூட்டத்துக்குச் சொன்னாள். "என்னய்யா பாடுச்சுன்னு கேட்டேன். விருத்தாசலம் பஸ்ஸுல ஏறிட்டேன்னு பாடுச்சாம். பேயி எதுக்குய்யா பஸ்ஸு ஏறுதுன்னேன். அப்பறந்தான் சட்டுனு ஒறச்சுது, அய்யோ, எந்தப் புள்ளையோ மாட்டிக்கிச்சுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். மாயவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்க பாப்பா. பயந்துட்டேன்."

"நானுந்தாண்ணே" என்றாள் மேரி.

பூவரசனுக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை மேரி ஜெயங்கொண்டம் போனாள். அவள் தோள்பையில் இருந்த டிபன் பாக்ஸின் மூடி இறுக்கமாக இருந்ததால் ரெக்கார்டர் பிழைத்திருந்தது. இருவரும் ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

பாட்டு நினைத்ததைவிட அழகாக வந்திருந்தது. மூன்றாவது தடவையில் யூகலேலேவுக்கு அடியில் டிக், டிக் என்று ஒரு சத்தம். தாளம் மாதிரியே இருந்தது. பூவரசன் அதைத் திரும்ப ஓட்டினான். பிறகு அவன் விரல் நின்றது. இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது: சாய்வுப் பாதையிலிருந்து பொடிக்கற்கள் உதிரும் சத்தம் அது. அவர்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தபோதே பள்ளம் சரிய ஆரம்பித்திருக்கிறது.

மேரி ஹெட்போனை எடுத்துவிட்டாள்.

"இத வெளிய போட வேணாம் பூவு."

"போடல. அழிச்சிடவா?"

"ம்."

அவன் அழித்தான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா டீ வேண்டுமா என்று கேட்டாள். பூவரசன் கட்டிலுக்குக் கீழேயிருந்து புது யூகலேலே ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாசிக்கவில்லை. சும்மா வைத்திருந்தான்.

"கொஞ்சம் பயந்து பாடுனா என்ன?" என்றாள் மேரி. "யோனா அந்த மீனுக்குள்ள இருக்கும்போது ஜோக்கா அடிச்சிருப்பாரு?"

அவள் முதல் வரியைத் தொடங்கினாள். 'மீனு வயித்துல' என்று வந்ததும் நிறுத்தினாள். அவன் காத்திருந்தான். மறுபடி தொடங்கினாள். குரல் நடுங்கியது, அதை மறைக்காமலே பாடிக்கொண்டு போனாள்.